நாம் படித்த அரபு

சென்ற நோன்புப் பெருநாளன்று விருந்தினர் கூட்டம் கலைந்த பிற்பகல் வேளையில், சென்னைக் கல்லூரியொன்றில் இரண்டாம் ஆண்டு பயிலும் நம் பேத்தி, நமது பழைய மரப்பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அதன் அடியிலிருந்து பழுப்பேறிய மதிப்பெண் பட்டியல் ஒன்றை எடுத்து வந்து நம் முன்னே விரித்தாள்.

"நன்னா, அரபுப் பாடத்தில் நூற்றுக்கு எழுபத்தெட்டு வாங்கியிருக்கிறீர்களே! அப்படியென்றால் உங்களுக்கு அரபு நன்றாகப் பேச வரும், இல்லையா?"

"வரும், வரும்" என்று சொல்லி அந்தத் தாளை மடித்து வாங்கி வைத்துக்கொண்டோம். இன்று ஓரளவு வரும் என்பது உண்மையே. ஆனால் அந்த மதிப்பெண்ணுக்கும் இன்று வருகின்ற அரபுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதை அந்தப் பெருநாள் மகிழ்ச்சியில் அவளிடம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்த 78 மதிப்பெண்ணுக்காக வேறொருவர் கொடுத்த விலையைச் சொல்லவும் துணிவு வரவில்லை. அவள் ஊர் திரும்பிய பின்னர் பல இரவுகள் அதுபற்றிச் சிந்தித்தோம். பல்கலைக்கழக மாணவரின் பிறமொழிப் பயிற்சி முன்பு எவ்வாறிருந்தது, இப்போது எவ்வாறிருக்கிறது என்று பேசுவோர் பலர். அந்தப் பேச்சில் நம் பங்காகச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு; அதை நம் குடும்பத்தின் கதையாகவே சொல்லிவிடுகிறோம்.

நம் நன்னி பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். ஆயினும் திருக்குர்ஆனைத் தடையின்றி ஓதுவார். அரபுத்தமிழில் அச்சான மார்க்க நூல்களைத் திண்ணையில் அமர்ந்து வாசிக்க, அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றியிருந்து கேட்பர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அம்முறையில், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் புதிய எழுத்துகளை வகுத்துக்கொண்டனர். நன்னியின் மளிகைக் கணக்கும் அந்த எழுத்தில்தான் இருந்தது. தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது; ஆகவே அரசாங்கக் கணக்கெடுப்பில் அவர் எழுத்தறிவில்லாதவராகவே பதிவாகியிருப்பார். அரபு எழுத்தை அறிந்த அவருக்கு அரபு மொழியின் பொருள் தெரியாது என்பதும் உண்மையே.

நன்னாவோ பினாங்கில் கடை வைத்திருந்தவர். மலாய் மொழியை மலாய்க்காரரைப் போலவே பேசுவார் என்று அவரோடு கடலோடியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அம்மொழியில் ஒரு வரி எழுத அவருக்கு வராது. ஒரே வீட்டில் ஒருவருக்கு ஒரு மொழியின் எழுத்தும், மற்றொருவருக்கு இன்னொரு மொழியின் பேச்சும் அமைந்திருந்தன. அவர்களுள் எவரும் அதை ஒரு குறையாகக் கருதியதில்லை. எதற்காகக் கற்றனரோ அதற்கு அது போதுமானதாக இருந்தது.

நம் அத்தாவுக்கு அது போதவில்லை. "உன் நன்னி ஓதுவார், பொருள் தெரியாது. நானும் அப்படியே. நீயாவது பொருள் தெரிந்து ஓது" என்பார். 1968ஆம் ஆண்டு, 17 வயதில், புகுமுக வகுப்பில் சேரக் கல்லூரிக்குச் சென்றபோது, தமிழுக்குப் பதிலாக அரபைப் பாடமொழியாகத் தேர்ந்துகொண்டதற்கு அத்தாவின் அந்த ஆசையே காரணம்.

அக்காலச் சூழலையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த ஆண்டின் சனவரித் திங்களில்தான் அறிஞர் அண்ணா அவர்களின் அரசு தமிழும் ஆங்கிலமும் ஆகிய இருமொழிக் கொள்கையைச் சட்டமன்றத்தில் தீர்மானமாக நிறைவேற்றியிருந்தது. ஆகவே பிற மொழியொன்றைக் கற்க விரும்பும் தமிழ் மாணவனுக்குப் பெரும்பாலும் கல்லூரியே முதல் வாயிலாயிற்று. அரபு பயில்வோருக்கு வழியில்லாமல் இல்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919 முதலே இயங்கி வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருது ஆகிய மொழிகளுக்கான துறை 1927இல் தோன்றியது. விடுதலைக்குப் பின், 1951ஆம் ஆண்டிலேயே திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் எழுந்தன. நம் சமுதாயப் பெரியவர்கள் தம் செல்வத்தைக் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாற்றிக் கல்விக்கூடங்கள் கட்டிய காலம் அது. கட்டடம் அவர்கள் தந்தார்கள். அதற்குள் அமர்ந்து நாம் என்ன செய்தோம் என்பதே இனிச் சொல்லப் போவது.

எங்கள் வகுப்பில் அரபு எடுத்தவர்கள் பதினொரு பேர். எங்களுக்கு வாய்த்த ஆசிரியப் பெருந்தகை வேலூரில் ஓதிப் பட்டம் பெற்ற ஆலிம். சினம் என்பதை அறியாதவர். 'ஸர்ஃபு' எனப்படும் சொல்லிலக்கணத்தை அவர் விளக்கும் அழகே அழகு. மூன்று மூலவெழுத்துகளைக் கரும்பலகையில் எழுதி, அவற்றிலிருந்து ஒரு மரம் கிளைவிடுவதுபோல் முப்பது சொற்களைக் கிளைக்க வைப்பார். எழுதினான், எழுதுபவன், எழுதப்பட்டது, எழுதும் இடம், நூல், நூலகம் என்று ஒரே வேரிலிருந்து சொற்கள் வரிசையாகப் பிறந்து வரும்போது எங்களுக்கு மெய்சிலிர்க்கும்.

பாடநூல்களும் சிறந்தவையே. ஜாஹிலிய்யாக் காலத்து நெடும்பாடல்களான முஅல்லகாத்திலிருந்து சில பகுதிகள் இருந்தன. 'கலீலா வ திம்னா'விலிருந்து சில கதைகள் இருந்தன. நம் நாட்டுப் பஞ்சதந்திரம் பாரசீகத்தின் பஹ்லவி மொழிக்குச் சென்று, அங்கிருந்து 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஉ என்பாரின் கையால் அரபு உரைநடையாகிய வரலாற்றை எங்கள் ஆசிரியர் சொல்லும்போது, "நம் வீட்டுப் பிள்ளை அரபு உடை உடுத்தித் திரும்பி வந்திருக்கிறது" என்று கூறிச் சிரிப்பார்.

ஆனால் தேர்வு என்ற ஒன்று இருந்தது. அரபுப் பகுதியைத் தந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் சொல்வார்கள். கவிதையின் கருத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொல்வார்கள். இலக்கணத்தில் சில வினாக்கள் இருக்கும். முந்திய ஆண்டுகளின் வினாத்தாள்களைத் திரட்டி, இன்ன பகுதி வரும் என்று கணித்து, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை மனப்பாடம் செய்துவிட்டால் போதும். அரபுப் பகுதியின் முதற்சொல்லை அடையாளம் கண்டதும் கை தானாக ஆங்கிலம் எழுதும். அரபுத் தேர்வில் நாங்கள் எழுதியதில் பெரும்பகுதி ஆங்கிலமே. ஒரு சொல்லையும் அங்கே உச்சரித்துக் காட்ட வேண்டியதில்லை.

இதை எங்கள் ஆசிரியர் உணராதவரல்லர். இளங்கலை முதலாண்டில் ஒரு புதிய ஏற்பாடு செய்தார். வியாழக்கிழமை தோறும் வகுப்பின் இறுதிப் பத்து நிமிடம் அரபியில் மட்டுமே பேச வேண்டும். காலையில் என்ன உண்டாய், எந்தப் பேருந்தில் வந்தாய், மழை பெய்ததா என்பன போன்ற எளிய பேச்சே போதும் என்றார். மூன்று வாரங்கள் அது நடந்தது. நான்காம் வாரம் நாங்கள் பதினொருவரும் கூடிப் பேசி, ஒருவரைத் தூது அனுப்பினோம். "ஹஜ்ரத், இது தேர்வுக்கு வராது. அந்த நேரத்தில் இன்னும் ஒரு பாடம் முடிந்துவிடுமே" என்று எங்கள் தூதர் பணிவோடு எடுத்துரைத்தார். ஆசிரியர் சற்று நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு, "உங்கள் விருப்பம்" என்று சொல்லிப் புத்தகத்தைத் திறந்தார். அந்தப் பத்து நிமிடம் அதன்பின் திரும்பி வரவில்லை.

அந்தத் தூதர் வேறு யாருமல்லர், நாமே.

பட்டம் பெற்றது 1972இல். ஊரில் சில காலம் கணக்கெழுதிவிட்டு, 1977இல் ஜித்தா சென்றோம். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்திற்குப் பிறகு அரபு நாடுகள் உலகெங்கிலும் இருந்து கைகளை அழைத்துக்கொண்டிருந்த காலம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அரபைத் தன் அலுவல் மொழிகளுள் ஒன்றாக ஏற்றதும் அதே 1973இன் டிசம்பரில்தான். அரபு படித்தவனுக்கு இதைவிட நல்ல காலம் ஏது என்று எண்ணி விமானம் ஏறினோம்.

இறங்கிய மறுநாள் காலை ரொட்டி வாங்கச் சென்றோம். கடைக்காரரிடம், இலக்கணம் பிசகாமல், "உரீது குப்ஸன்" என்றோம். 'நான் ரொட்டியை வேண்டுகின்றேன்' என்று வேற்றுமை உருபோடு சொன்ன வாக்கியம் அது. கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நம் ஊர்த் தேநீர்க் கடையில் ஒருவர் வந்து சங்கத் தமிழில் தேநீர் கேட்டால் நாம் எப்படிச் சிரிப்போமோ அப்படி. பின்னால் நின்ற ஒருவர், "அப்கா ஏஷ்" என்றார். ரொட்டி கைக்கு வந்தது. "தம்பி, ஊருக்குப் புதுசா?" என்று தமிழில் கேட்டு, அந்த ரொட்டியில் பாதியை நம் கையில் வைத்தார்.

அவர் கீழக்கரைக்காரர். ஒரு கட்டுமான ஒப்பந்தக்காரரின் தொழிலாளர் விடுதியில் சமையல் வேலை. எல்லோரும் அவரைக் 'காக்கா' என்றே அழைப்பார்கள். நாமும் அவ்வாறே அழைத்தோம். பின்னர் இருவரும் ஒரே வீட்டில் அறைவாசிகள் ஆனோம். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தமிழில் கடிதம் எழுதுவார். குர்ஆனை மெல்ல எழுத்துக் கூட்டி ஓதுவார். ஹரகத்துகள் இடப்படாத கடிதமோ பத்திரிகையோ அவருக்குப் படிக்க வராது. ஆனால் அவர் பேசாத அரபு இல்லை. யமன்காரரோடு யமன் பேச்சு, எகிப்தியரோடு எகிப்தியப் பேச்சு, காவல்துறையினரோடு ஜித்தாப் பேச்சு. காய்கறிச் சந்தையிலும் துறைமுகத்திலும் இரண்டே ஆண்டில் காதால் கற்ற மொழி அது. அவரோ நம்மைப் பிறரிடம் அறிமுகப்படுத்தும் போதெல்லாம், "தம்பி காலேஜில் அரபு படித்தவர்" என்று பெருமையோடு சொல்வார். நாம் அதை மறுத்ததில்லை.

1979ஆம் ஆண்டின் இறுதியில், நான்காண்டு ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பக் காக்கா ஆயத்தமானார். ஓர் இரவு, தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, நாளைக்கு இதில் கையெழுத்துப் போட்டுத் தரணுமாம். என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தோம். நான்கைந்து வரிகள்தாம். தலைப்பில் 'முகாலஸா' என்றிருந்தது. அச்சொல்லை நாம் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் ஆசிரியர் கற்பித்த வேர்ச்சொல் மரம் நினைவுக்கு வந்தது. 'இக்லாஸ்' என்பதன் வேர் அல்லவா இது? குல் ஹுவல்லாஹு சூராவின் பெயரன்றோ அது? ஆகவே ஏதோ மனத்தூய்மை பற்றிய சொல் என்று கொண்டோம். உள்ளே 'ஜமீஅ' என்றிருந்தது. அனைத்தும் என்பது அதன் பொருள். 'முஸ்தஹக்காத்தீ' என்றிருந்தது, 'ஹக்' அதன் வேர், ஆகவே என் உரிமைகள் என்று கொண்டோம். அவற்றுக்கு முன்னே 'இஸ்தலம்து' என்ற வினைச்சொல். பாடநூலில் அச்சொல்லை ஓரிடத்தில்தான் பார்த்திருந்தோம். ஹஜருல் அஸ்வத் கல்லைக் கையால் தொடுவதற்கும் முத்தமிடுவதற்கும் 'இஸ்திலாம்' என்று பெயர். அந்தப் பொருள் இங்கே பொருந்தவில்லை. ஸலாம், இஸ்லாம் ஆகியவற்றின் வேர் என்பதால், இணங்குதல், ஏற்றுக்கொள்ளுதல் என்பது போன்ற பொருளாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டோம்.

"ஒன்றுமில்லை, காக்கா. இரு தரப்பாரும் நல்ல மனத்தோடு பிரிகிறோம், உங்கள் உரிமைகள் எல்லாம் ஏற்கப்படும் என்று எழுதியிருக்கிறது. தாராளமாகக் கையெழுத்துப் போடலாம்."

எவ்வளவு தெளிவாக, எவ்வளவு உறுதியாகச் சொன்னோம்! தெரியாது என்ற சொல் நாவின் நுனிவரை வந்தது. "காலேஜில் அரபு படித்தவர்" என்ற பெயர் அதைத் தடுத்துவிட்டது.

காக்கா மறுநாள் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துத் தமக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்டபோது, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டாயிற்றே என்று தாளைக் காட்டிவிட்டார்கள். அந்நாட்டுத் தொழிற்சட்டப்படி, பணி முடித்துச் செல்வோருக்கு முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. காக்காவின் சம்பளம் 800 ரியால். நான்காண்டுக்கு 1,600 ரியால் சேர வேண்டும். மூத்த மகளின் திருமணத்திற்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்த தொகை அது.

நம் அலுவலகத்தில் எகிப்தியக் கணக்கர் ஒருவர் இருந்தார். அந்த வாக்கியத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி அவரிடம் காட்டினோம். அவர் ஒரு நொடியில் சொல்லிவிட்டார்: "எனக்குச் சேர வேண்டிய தொகைகள் அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்." இக்கால அரபியில் 'இஸ்தலம்து' என்றால் 'பெற்றுக்கொண்டேன்', 'முகாலஸா' என்றால் கணக்குத் தீர்ந்ததற்கான ஒப்புகைச் சீட்டு. அங்காடியில் மூட்டை சுமப்பவருக்கும் தெரிந்த சொற்கள்.

அன்றிரவு காக்காவிடம் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டோம். அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம்; ஒரு வகையில் அதை விரும்பவும் செய்தோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வியப்போடு கேட்டார்:

"அந்தத் தாளில் 'இஸ்தலம்த்' என்றா எழுதியிருந்தது?"

"ஆமாம், காக்கா."

"அடடா! தினமும் நான் சரக்கு இறக்கும்போது சொல்கிற சொல் ஆச்சே அது. வாய்விட்டு ஒரு தடவை வாசிச்சிருந்தீங்கன்னா நானே சொல்லியிருப்பேனே, தம்பி!"

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அந்தச் சொற்கள் இன்றும் நம் செவியை விட்டு அகலவில்லை. எழுத்து நம்மிடம் இருந்தது. பேச்சு அவரிடம் இருந்தது. இருவரும் ஒரே பாயில் அமர்ந்திருந்தோம். நாம் கண்ணால் படித்துப் பொருளை மட்டும் சொன்னோம், ஒலியைச் சொல்லவில்லை. ஒலியைச் சொல்லியிருந்தால் அந்த எளிய மனிதரின் காது நம் பட்டத்தைத் திருத்தியிருக்கும். கல்லூரியில் அந்த வியாழக்கிழமைப் பத்து நிமிடத்தை வேண்டாம் என்று தள்ளியதன் விலை 1,600 ரியால். அதைக் கொடுத்தவர் நாமல்லர்.

அடுத்த ஆண்டு முழுவதும் சம்பளத்திலிருந்து மிச்சம் பிடித்து, மூன்று தவணையாக வங்கி டிராஃப்ட் எடுத்து அவர் வீட்டுக்கு அனுப்பினோம். முதல் இரண்டுக்கும் விடையில்லை. மூன்றாவதற்குப் பின் ஒரு கடிதம் வந்தது. மகளின் நிக்காஹ் நல்லபடியாக நடந்ததையும், மாப்பிள்ளை கொழும்பில் வணிகம் செய்வதையும் எழுதியிருந்தார். கடைசி வரியை அரபுச் சொற்களால் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார்: "இஸ்தலம்த் ஜமீஅ, தம்பி." அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அக்கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். காக்கா இன்று இல்லை. அல்லாஹ் அவருடைய மண்ணறையை ஒளிமயமாக்குவானாக.

அதன்பின் நாம் அரபு கற்கத் தொடங்கினோம். ஆம், மூன்றாண்டுகள் கற்றுத் தேறிய பின்னர்தான் தொடங்கினோம். தினந்தோறும் 'அல்மதீனா' நாளிதழை வாங்கி, அந்த எகிப்தியக் கணக்கரின் முன்னே வாய்விட்டு வாசித்தோம், அவர் திருத்தினார். அவ்வாறு வாசித்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. ஆசிரியர் ஊட்டிய இலக்கணம் வீண்போகவில்லை. வேர்கள் இருந்தன, அவற்றுக்கு நீர்தான் இல்லாதிருந்தது. சந்தையில் மட்டும் கற்றவர் பத்தாண்டிலும் எட்ட இயலாத இடத்தை இரண்டாண்டில் நம்மால் எட்ட முடிந்ததற்கு அந்த ஆலிம் பெருந்தகையின் கரும்பலகையே காரணம். ஊர் வந்தபோது அவரிடம் இதைச் சொல்லிப் பொறுத்தருளக் கேட்க நினைத்தோம். அவர் அதற்கு முன்பே மறைந்துவிட்டார்.

ஒருவன் பிறமொழியை எவ்வளவு கற்கிறான் என்பதை, அம்மொழி அவனிடம் எதைக் கேட்கிறது என்பதே முடிவு செய்கிறது என்று இன்று எண்ணுகிறோம். இது நம் வகுப்பின் கதை மட்டுமன்று. 1812இல் சென்னைக் கோட்டைக் கல்லூரியை எல்லிஸ் என்பார் முயன்று அமைத்தபோது, கம்பெனியின் இளம் அலுவலர்கள் முன்ஷிகளிடம் அமர்ந்து தமிழும் தெலுங்கும் பாரசீகமும் கற்றனர். வரி தண்டவும் வழக்குக் கேட்கவும் அம்மொழிகள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் எழுந்த பின்னர், நம் இளைஞர்கள் ஆங்கிலத்தைக் கற்றனர். அலுவலகக் கதவு அதைக் கேட்டது.

அமெரிக்க நாட்டின் கணக்கும் இதையே காட்டுகிறது. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் அங்கே கலக்கம் உண்டாயிற்று. 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் இயற்றிப் பிறமொழிப் படிப்புக்குப் பெரும்பணம் ஒதுக்கினர். 2001ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளுக்குப் பின் அங்குள்ள உயர்கல்வி நிலையங்களில் அரபு வகுப்புகளில் சேர்ந்தோர் தொகை, 2002இல் 10,584 ஆக இருந்தது 2006இல் 23,974 ஆக உயர்ந்தது. அச்சம் தணிந்ததும் அந்த ஆர்வமும் தணிந்தது. 2016க்கும் 2021க்கும் இடையே எல்லாப் பிறமொழிகளையும் சேர்த்து மாணவர் சேர்க்கை 16.6 விழுக்காடு சரிந்தது. அதே ஐந்தாண்டில் கொரிய மொழிக்கோ 38.3 விழுக்காடு ஏறியது. எந்த அரசும் கட்டளையிட்டு ஏறியதன்று. பாட்டும் நாடகமும் இளைஞரின் காதுக்குள் சென்று செய்த வேலை அது.

இதைப் படித்தபோது நம் பேத்தியின் நினைவு வந்தது. அவள் கல்லூரியில் எடுத்திருக்கும் பாடமொழி பிரெஞ்சு. ஏன் என்று கேட்டால், "மார்க் வரும், நன்னா" என்கிறாள். 90க்கு மேல் வருகிறது. பிரெஞ்சு மொழியில் ஒரு குவளை தண்ணீர் கேட்கச் சொன்னால் விழிக்கிறாள். நாம் பெற்ற 78ஐக் காட்டிலும் அவளுடைய மதிப்பெண் உயர்ந்திருக்கிறது. மற்றபடி ஐம்பதாண்டில் அந்த வகுப்பறையில் மாறியது குறைவே. ஆனால் அதே பெண், எவரும் கற்பிக்காமல், கைப்பேசியில் தொடர்கள் பார்த்துப் பார்த்தே கொரிய மொழி பேசுகிறாள். அதன் எழுத்தையும் தானே கற்றுக்கொண்டாள். முன்னைத் தலைமுறைக்குக் கடலோடினால் மட்டுமே கிடைத்த அந்நிய ஒலி, இவளுக்குப் படுக்கையறையிலேயே கிடைத்துவிட்டது. இக்காலப் பிள்ளைகளுக்கு மொழிப்பற்று இல்லை என்று சொல்லும் பெரியவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைப்பேசி மொழிபெயர்க்கவும் செய்கிறது. சென்ற வாரம் அவள் வந்திருந்தபோது, அந்தப் பழைய வாக்கியத்தை அதில் எழுதிக் காட்டச் சொன்னோம். கண்ணிமைக்கும் நேரத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று சரியாகவே சொல்லிற்று. நம் மூன்றாண்டுப் படிப்பு செய்யாததை அது செய்தது. அதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. அன்று நம்மிடம் அது இருந்திருந்தால் காக்காவின் பணம் தப்பியிருக்கும். எனினும் ஒன்றைக் கவனித்தோம். ஒரு சொல்லை மாற்றி எழுதிப் பார்த்தபோது அது தவறான பொருளையும் அதே வேகத்தோடு, அதே உறுதியோடு கூறிற்று. 1979இல் பாயில் அமர்ந்து தாளைப் படித்த ஓர் இளைஞனின் குரல் நம் நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் அவளிடம் காக்காவின் கதையை முழுமையாகச் சொன்னோம். குறுக்கிடாமல் கேட்டாள். முடிந்ததும், "எனக்கு அரபு சொல்லித் தருவீர்களா, நன்னா? ஓத மட்டும்தான் தெரியும். பொருள் தெரியாது" என்றாள். அத்தா நம்மிடம் சொன்ன அதே சொற்கள், அரை நூற்றாண்டுக்குப் பின்.

இப்போது விடுமுறை நாள்களில் மஃரிபுக்குப் பிறகு இருவரும் அமர்கிறோம். ஸர்ஃபும் உண்டு, எங்கள் ஆசிரியரின் அந்த மூன்றெழுத்து மரத்தைத் தாளில் வரைந்து காட்டுகிறோம். அரபுச் செய்தியும் உண்டு. அவள் கைப்பேசியிலிருந்து அதை ஒலிக்கச் செய்கிறாள். நம் உச்சரிப்பு பிசகினால் சிரித்துக்கொண்டே திருத்துகிறாள். அவள் காது நம்முடையதைக் காட்டிலும் கூர்மையானது. தெரியாத சொல் வந்தால் "தெரியாது" என்று சொல்லிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். இதுவரை அதிகமாக அச்சொல்லைச் சொன்னவர் நாமே.

நேற்று ஒரு பத்தியைக் கொடுத்ததும், அவள் கண்ணை மட்டும் ஓட்டிவிட்டுப் பொருள் சொல்லத் தொடங்கினாள்.

"நில், அம்மா" என்றோம். "முதலில் வாய்விட்டு வாசி."